தென்னை அடிமரத்தில் துளிர் வராது

கிறிஸ்துமஸுக்கு முன் நான்கு ஞாயிறுகள் வரும் திருவருகைக்காலத்தில் விசுவாசம் ஆட்டம் கண்ட நேரம் உண்டா என்று கேட்டிருந்தீர்கள். எனக்கு 2018தான் நினைவுக்கு வருகிறது.

எங்களுக்குப் பட்டுக்கோட்டைக்குத் தெற்கே ஒரு சிற்றூர். நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்து எங்கள் பக்கமாகத்தான் போனது. விடிந்து பார்த்தால், தோப்பிலிருந்த 82 தென்னையில் 9தான் மிச்சம். சில வேரோடு சாய்ந்து கிடந்தன. சில கழுத்து முறிந்து, கொண்டை இல்லாமல் மொட்டையாக நின்றன. எல்லாம் தாத்தா வைத்தவை. எங்கள் பக்கம் தென்னங்கன்று என்று சொல்ல மாட்டோம், தென்னம்பிள்ளை என்றுதான் சொல்வோம். அப்பா அழவில்லை. ஆனால் தோப்பு இருக்கும் திசைக்கே போகவில்லை.

டிசம்பர் 2, திருவருகைக்கால முதல் ஞாயிறு. அப்போதும் கரண்ட் வரவில்லை. மாதா கோயில் கூரையில் பாதி ஓடு போய்த் தார்ப்பாய் கட்டியிருந்தோம். வாரத்துக்கு ஒன்றாக நாலு மெழுகுவத்தி ஏற்றும் திருவருகைக்கால வளையத்துக்கு ஊதா மெழுகுவத்தி எங்கே போய்த் தேடுவது? நிவாரணத்தில் கொடுத்த வெள்ளை மெழுகுவத்தியில் நாலு எடுத்து, மூன்றுக்கு ஊதாத் தாளும், மூன்றாம் வாரமான மகிழ்ச்சி ஞாயிறுக்கு உரிய ஒன்றுக்கு ரோஸ் தாளும் சுற்றினார்கள். ஒன்று எங்கள் அம்மாச்சி கொடுத்தது. அன்று ராத்திரி எங்கள் வீடு இருட்டுதான்.

அன்றைய நற்செய்தி லூக்கா 21. கடலின் இரைச்சலைக் கேட்டு மக்கள் கலங்குவார்கள் என்று வாசித்தபோது கோயிலில் ஒரு இருமல்கூடக் கேட்கவில்லை. இது நடக்கும்போது தலைநிமிர்ந்து நில்லுங்கள் என்று அடுத்தாற்போல வருகிறது. எனக்கு நிமிரத் தோன்றவில்லை.

செவ்வாய்க்கிழமை காலைப் பூசையில் எசாயா 11. ஈசாயின், அதாவது தாவீது அரசரின் தந்தையின், அடிமரத்திலிருந்து ஒரு தளிர் வரும் என்ற வாசகம். பூசை முடிந்ததும் அப்பா நேரே பங்குச்சாமியிடம் போனார்.

“தோத்திரம் சாமி. தென்னை அடிமரத்துலேருந்து துளிர் வராது சாமி. குருத்து போச்சுன்னா மரம் செத்துது.”

சாமி கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், “எனக்கும் பதில் தெரியலைய்யா” என்றார். நொந்து கிடப்பவரிடம் எல்லாம் கடவுள் பார்த்துக்கொள்வார் என்று உடனே சொல்லிவிடுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அவர் அப்படிச் சொல்லாததுதான் அப்பாவைக் கோயிலை விட்டுப் போகாமல் வைத்தது என்று இன்றைக்கும் நம்புகிறேன். மறுநாள் காலை சாமி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எங்கள் தோப்புக்கு வந்து மட்டைகளை இழுத்துப் போட ஆரம்பித்தார். சாமி மட்டை இழுக்கும்போது அப்பா எப்படி வீட்டில் உட்கார்ந்திருப்பார்? அன்றைக்குத்தான் தோப்புக்குள் வந்தார்.

மூன்றாம் ஞாயிறு டிசம்பர் 16. புயல் அடித்துச் சரியாக ஒரு மாதம். அன்றைக்குப் போய் மகிழ்ச்சி ஞாயிறு. நற்செய்தியில், நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று மக்கள் திருமுழுக்கு யோவானிடம் கேட்கிறார்கள். இரண்டு அங்கி வைத்திருப்பவர் இல்லாதவருக்கு ஒன்றைக் கொடுக்கட்டும் என்கிறார் அவர். அன்று மத்தியானம் சாப்பிட்டதும் அப்பா ஒரு சாக்கை எடுத்துக்கொண்டு தோப்புக்குப் போனார். விழுந்த மரங்களுக்கு அடியில் கிடந்த நெற்றுகளை ஒவ்வொன்றாகக் காதருகே வைத்து ஆட்டினார். தண்ணீர் சத்தம் கேட்டதை மட்டும் சாக்கில் போட்டார். எழுபது சொச்சம் தேறியது. பாதியை, ஒரு மரம்கூட மிஞ்சாத பக்கத்துக் கொல்லைச் சித்தப்பாவுக்குக் கொடுத்துவிட்டார். மீதியைக் கிணற்றடியில் மணல் பரப்பிப் பதித்தோம். நெட்டை ரகம், காய்ப்புக்கு வர ஆறேழு வருடம் ஆகும். அப்பாவுக்கு அப்போது 61 வயது.

கிறிஸ்துமஸ் வந்தது, போனது. மணலில் ஒன்றும் தெரியவில்லை. தினமும் சாயங்காலம் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றுவார். நான் கேட்கவும் இல்லை, அவர் சொல்லவும் இல்லை.

மார்ச் 6, தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன். நெற்றியில் இட்ட சாம்பலோடு கிணற்றடிக்குப் போனவர் அங்கிருந்தே, “தம்பி, இங்க வாடா” என்று சத்தம் போட்டார். ஒரே ஒரு நெற்றில், காம்புப் பக்கம் நாரைப் பிளந்துகொண்டு வெள்ளையாக ஒரு முளை, சுண்டுவிரல் நுனியளவுக்கு நீட்டிக்கொண்டிருந்தது. அப்பா அதைத் தொடவில்லை. பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, அதன் மேல் ஒட்டியிருந்த மணலை வாயால் ஊதிவிட்டார்.