வியர்த்தால் தானாகத் திறந்துகொள்ளும் செயற்கைக் கை: உதவி தேவை

வணக்கம். நாங்கள் மதுரை மேலூர் பக்கம். 2022-ல் கரும்புச்சாறு மிஷினில் மாட்டி என் தம்பிக்கு வலது கை முழங்கைக்குக் கீழே போய்விட்டது. எட்டு மாதமாகத் தசை அசைவில் இயங்கும் கை போட்டிருக்கிறான். தோலில் பட்டுத் தசையின் சிக்னலை உணரும் இரண்டு எலெக்ட்ரோடு, ஒரே வகைப் பிடி, சார்ஜ் போடும் பேட்டரி.

காலையில் நன்றாக வேலை செய்கிறது. பதினோரு மணி வெயிலில் சாக்கெட்டுக்குள் (மீதிக் கை நுழையும் கூடு) வியர்த்ததும் அவன் நினைக்காமலே விரல்கள் திறந்துகொள்கின்றன. கையைத் தோளுக்கு மேல் தூக்கினாலும் அப்படித்தான். போன வாரம் டீ டம்ளர் நழுவி அவன் மகள் காலில் சூடாகக் கொட்டிவிட்டது. அதிலிருந்து பிள்ளையைத் தூக்கவே பயப்படுகிறான். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

எலெக்ட்ரோடைத் தினமும் துடைக்கிறோம். பேட்டரி மாற்றியாயிற்று. கை பொருத்திய சென்டரில் இரண்டு முறை எலெக்ட்ரோடின் சென்சிட்டிவிட்டியைக் குறைத்தார்கள். அப்புறம் மூடுவதற்கே தசையை இறுக்கி இறுக்கி, மாலைக்குள் கை ஓய்ந்துவிடுகிறது. தெரபிஸ்ட் சொன்ன பயிற்சியை ஒரு நாள்கூட விட்டதில்லை. ஒன்று கவனித்தேன்: சதை வற்றி, சாக்கெட்டுக்குள் இப்போது ஒரு விரல் நுழைகிறது.

இதே மாதிரி கை போட்டிருப்பவர்கள், தெரபிஸ்ட்கள் சொல்லுங்கள்: புது சாக்கெட்தான் எடுக்க வேண்டுமா, எலெக்ட்ரோடு இடத்தை மாற்றினாலே சரியாகுமா?