ரோயிங் மெஷினில் டேம்பரை எத்தனையில் வைப்பது?

கேள்வி: ஜிம்மில் கான்செப்ட் 2 மெஷின் இருக்கிறது. டேம்பரை (விசிறிக் கூண்டின் பக்கத்தில் 1 முதல் 10 வரை எண் போட்ட நெம்புகோல்) 10-இல் வைத்து இழுத்தால் ஐந்தே நிமிடத்தில் இடுப்பு பிடித்துக்கொள்கிறது. குறைத்தால் பயிற்சி வீணாகிவிடாதா?

பதில் 1: ஆகாது. விசிறிக் கூண்டுக்குள் எவ்வளவு காற்று போகலாம் என்பதைத்தான் டேம்பர் தீர்மானிக்கிறது, நீங்கள் எவ்வளவு வேகமாக, பலமாக இழுக்கிறீர்களோ அவ்வளவுக்கு எதிர்ப்பு தானாகவே கூடும். 3 முதல் 5-க்குள் வையுங்கள்.

பதில் 2: எண்ணை மட்டும் நம்பாதீர்கள். கூண்டில் தூசி அடைத்திருந்தால் ஒரு மெஷினின் 5 இன்னொன்றின் 3 மாதிரி இருக்கும். திரையில் மெனுவுக்குள் போய் டிராக் ஃபேக்டரை (விசிறி உண்மையில் தரும் காற்றெதிர்ப்பைக் காட்டும் எண்) பாருங்கள். நான் 120 பக்கம் வைக்கிறேன்.

பதில் 3: இடுப்பு வலிக்கிறது என்றால் இழுக்கும் முறையையும் கவனியுங்கள். முதலில் காலால் உதையுங்கள், அப்புறம் முதுகு, கடைசியில்தான் கை.

கேட்டவர்: சரி, இன்று 4-இல் வைத்தேன், 118 காட்டியது. 2000 மீட்டர் முடித்தேன், இடுப்பில் வலியே இல்லை. நன்றி!