வழி சொல்றதா, கூடப் போறதா?

பெங்களூரில் ரிசப்ஷன் வேலைக்கு வரும் நம்ம பிள்ளைகள் டைரக்ட், ஷோ, லீட், கைட் எல்லாவற்றையும் ‘வழிகாட்டு’ என்றே படித்திருக்கிறார்கள். வேலையில் எங்கே தடுக்குகிறது என்று தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

ஹோட்டல் ஃப்ரண்ட் ஆபீஸ்:
கூட நடக்கிறோமா என்பதைத்தான் முதலில் பார்க்கணும். நின்ற இடத்திலிருந்தே ‘லிஃப்ட்ல ரெண்டாவது மாடி, இடது பக்கம்’ என்று சொன்னால் டைரக்ட். அறைவரை போனால் ஷோ: ‘ஐ வில் ஷோ யூ டு யுவர் ரூம்.’ ‘டு’ விட்டுப்போனால் அறையைத் திறந்து ஏசி, கீசர் காட்டுவதாகிவிடும். அது பரவாயில்லை, வாசல் விஷயத்தில்தான் வம்பு. ‘ஷோ ஹிம் டு த டோர்’ என்றால் வாசல்வரை போய் வழியனுப்புவது. ‘ஷோ ஹிம் த டோர்’ என்றால் வெளியே போகச் சொல்வது! தங்க வந்தவரைப் பற்றி இப்படி மெயில் எழுதிவிடாதீர்கள்.

ஐடி ஆபீஸ் செக்யூரிட்டி:
எஸ்கார்ட் என்றால் விசிட்டர் திரும்ப கேட்டுக்கு வரும்வரை கூடவே இருக்கணும். லிஃப்ட்டில் ஏற்றிவிட்டுத் திரும்புவது எஸ்கார்ட் ஆகாது. ரெஜிஸ்டரில் ‘எஸ்கார்டட் அவுட்’ என்று எழுதினால் தகராறு செய்தவரை வெளியேற்றியது போலப் படும். சாதாரணமாகப் போனவருக்கு ‘லெஃப்ட் அட் 5.10’ போதும்.
டேக், பிரிங் குழப்பத்துக்குத் தமிழே கைகொடுக்கும். கூட்டிட்டுப் போ என்றால் டேக், கூட்டிட்டு வா என்றால் பிரிங். மாடியிலிருக்கும் மேனேஜர் போனில் ‘பிரிங் ஹிம் அப்’ என்பார். அதையே ரிசப்ஷனிஸ்ட் பக்கத்திலிருக்கும் கார்டிடம் ‘டேக் ஹிம் அப்’ என்று சொல்லணும்.

ஸ்போக்கன் இங்கிலீஷ் டீச்சர்:
லீட் என்றால் ஒருவர் முன்னால் நடக்க, மற்றவர் பின்னால் வருவது. இறந்தகாலம் ‘லெட்’, எழுத்து எல், இ, டி மட்டும். நடுவில் ‘ஏ’ போட்டால் ஈயம். ஈயத்துக்கும் உச்சரிப்பு ‘லெட்’தான், அதனால்தான் கை தவறுகிறது.
கைட் வேறு. லால்பாக் பூங்காவில் கூடவே வந்து, இது கிளாஸ் ஹவுஸ், இந்தப் பாறைக்கு ஏறக்குறைய 300 கோடி வயசு என்று விளக்குபவர் செய்வது அது. மெஜஸ்டிக் ஏரியாவில் முன்பின் தெரியாதவரிடம் ‘கைட் மீ டு த பஸ் ஸ்டாண்ட்’ என்றால் ஒட்டாது. ‘குட் யூ டெல் மீ ஹவ் டு கெட் டு த பஸ் ஸ்டாண்ட்?’ என்று கேளுங்கள்.

ஹோட்டல் ஃப்ரண்ட் ஆபீஸ்:
‘ட்ராப்’ விட்டுப்போச்சு. ‘ஐ வில் ட்ராப் யூ அட் த கேட்’ என்றால் வெளிநாட்டுக்காரர் வண்டியை எதிர்பார்ப்பார். நடந்தே கொண்டுபோய் விடுவதற்கு ‘ஐ வில் வாக் யூ டு த கேட்.’