பாட்டிலில் வளர்த்த குழிநரி தட்டானாக மாறுமா?

கேள்வி: திண்ணைவீடு, கீழக்குயில்குடி

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் அம்மா வீடு சமணர் மலை அடிவாரத்தில் இருக்கிறது. ஓட்டு வீடு. தாழ்வாரத்தில் சாரல் எட்டாத ஓரத்தில் மாவு மாதிரி புழுதி கிடக்கும். அதில் சின்னப் புனலை வைத்து அழுத்தியதுபோல் பத்துப் பதினைந்து குழிகள் எப்போதும் இருக்கும். எறும்பைப் பிடிக்கப் புழுதியில் குழி பறிக்கும் சின்னப் பூச்சியான குழிநரிதான். சின்ன வயதில் எறும்பைப் போட்டு நாங்கள் வேடிக்கை பார்த்த அதே இடத்தில் இப்போது என் மகள் உட்கார்ந்திருக்கிறாள். நான்காம் வகுப்பு படிக்கிறாள்.

மாசியில் அவளுக்காக ஒன்றைப் பிடித்து, ஹார்லிக்ஸ் பாட்டிலில் பாதிக்குப் புழுதி நிரப்பி விட்டேன். தினமும் ஓர் எறும்பு. பங்குனிக் கடைசியில் குழி தூர்ந்துபோனது. செத்துவிட்டது என்று கிளறினால், கோலிக்குண்டைவிடச் சிறியதாக ஒரு மண் உருண்டை. "அதைத் தொடாதே, வைத்த இடத்திலேயே வை" என்றார் அம்மா. ஏறக்குறைய ஒரு மாதம் கழித்து ஒரு நாள் விடியற்காலையில் பாட்டிலுக்குள் தட்டான் மாதிரி ஒன்று உட்கார்ந்திருந்தது. ஒல்லியான நீள உடம்பு, கண்ணாடி போல நாலு சிறகு. ஆனால் வலது பக்கச் சிறகு இரண்டும் காய்ந்த வெற்றிலை மாதிரி சுருண்டிருந்தன. பறக்கவே இல்லை. மறுநாள் செத்துவிட்டது. பிள்ளை அன்றைக்குச் சாப்பிடவில்லை.

அவள் கேட்பது இதுதான்: குழிநரி தட்டானின் குட்டியா? அப்படியென்றால் அய்யனார் கோயில் தாமரைக் குளத்தில் தட்டான் வால் நுனியால் தண்ணீரைத் தொட்டுத் தொட்டுப் போகிறதே, அது எதற்கு? நான் கேட்பது: சிறகு ஏன் விரியவில்லை? இன்னொரு பாட்டிலில் இரண்டாவது குழிநரியும் உருண்டை கட்டிவிட்டது.

பதில் 1: வெண்டைக்காடு, மேலூர்

அண்ணே, அது தட்டான் இல்லை. தட்டான் பகலில் சுற்றும். நீங்கள் சொல்வது ராத்திரியில் டியூப்லைட்டுக்கு வரும். எங்கள் பம்ப்செட் கொட்டகை விளக்கில் கோடை முழுக்கப் பார்க்கலாம். பெயர் தெரியாது, தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

பதில் 2: பூச்சிப்பெட்டி, ஒத்தக்கடை

நான் பூச்சியியல் படித்தவள். மேலூர்த் தம்பி சொன்னது சரி. குழிநரி வளர்ந்தால் வருவது தட்டான் இல்லை, வளர்ந்த குழிநரி. அவ்வளவுதான். இரண்டும் பார்வைக்கு ஒன்று போலத் தெரிவதால் குழந்தைக்குக் குழப்பம் வந்தது நியாயமே. 1758இல் இயற்கையியலாளர் லின்னேயஸ் 'நியூரோப்டெரா' என்று ஒரு வரிசை, அதாவது பூச்சிகளின் ஒரு பெரும் பிரிவு, அமைத்தபோது தட்டானையும் அதற்குள்தான் வைத்தார். நரம்போடிய சிறகு என்பது அந்தக் கிரேக்கப் பெயரின் பொருள். 1793இல் பூச்சியியலாளர் ஃபேப்ரிசியஸ் தட்டான்களுக்கு 'ஒடோனேட்டா' என்று தனி வரிசை கொடுத்தார். இன்று நியூரோப்டெராவில் மிஞ்சியிருப்பவை சுமார் 6,000 இனங்கள். அவற்றில் ஏறக்குறைய 2,000 குழிநரிக் குடும்பம்.

தட்டானின் குஞ்சு தண்ணீரில் வளர்கிறது, அதனால்தான் குளத்தில் அந்தத் தொட்டுத் தொட்டுப் பறத்தல். முட்டை போடுகிறது. அதற்குக் கூட்டுப்புழுப் பருவம் கிடையாது. குழிநரிக்கு உண்டு, வண்ணத்துப்பூச்சிக்கு இருப்பதுபோல. நீங்கள் பார்த்த மண் உருண்டைதான் அந்தக் கூடு. உடைத்துப் பார்த்தால் உள்பக்கம் வெள்ளைப் பட்டு பூசியிருக்கும். பட்டுப்புழு வாயால் நூற்கும், இது பின்புறத்தால் நூற்கிறது. நமக்குச் சிறுநீரகம் செய்கிற வேலையைப் பூச்சிக்குச் செய்யும் நுண்குழாய்களிலிருந்துதான் அந்தப் பட்டு வருகிறது. எத்தனை தடவை படித்தாலும் எனக்கு ஆச்சரியம் தீராத விஷயம் இது.

இன்னொன்று. அது குழியில் இருந்தவரை எச்சமே போட்டிருக்காது. இரைப்பை பின்குடலோடு சேராமல் மூடியிருக்கும். எறும்பை அது மெல்லுவதில்லை. மேல்தாடையும் கீழ்த்தாடையும் ஒட்டிக் குழல் போலாகி, அதன் வழியே சாற்றை மட்டும் உறிஞ்சிவிட்டுச் சக்கையை வெளியே வீசிவிடும். சேர்ந்த கழிவு முழுவதும் சிறகு முளைத்து வெளியே வந்த பிறகுதான் கெட்டியான ஒரு குளிகையாக விழும். பாட்டிலில் தேடிப் பாருங்கள்.

சிறகு சுருண்டதற்குக் காரணம் கண்ணாடி என்றுதான் நினைக்கிறேன். உருண்டையை விட்டு வந்ததும் அது ஒரு குச்சியில் ஏறித் தொங்க வேண்டும். தொங்கும்போதுதான் உடம்பு நீர் நரம்புகளில் ஏறிச் சிறகு விரிந்து காயும். வழுக்கும் கண்ணாடியில் பிடி கிடைக்காது. இப்போதே இரண்டாவது பாட்டிலில் ஒரு சொரசொரப்பான குச்சியைச் சாய்த்து வையுங்கள், வேப்பங்குச்சியே போதும். வாயை மூடியால் மூடாமல் துணியால் கட்டுங்கள்.

செத்தது இருக்கிறதா? உணர்கொம்பைப் பாருங்கள். தட்டானுக்கு அது மயிரிழை போலக் குட்டையாக இருக்கும். இதற்கு நீண்டு, நுனி தடித்திருக்கும்.

பதில் 3: வெண்டைக்காடு, மேலூர்

அக்கா, அப்படியே ஒரு சந்தேகம். வெண்டை இலைக்கு அடியில் நூல் மாதிரி காம்பு, ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு வெள்ளைப் புள்ளி. போன வருடம் பூசணம் என்று நினைத்து அந்த இலைகளை எல்லாம் கிள்ளிப் போட்டேன். அது இந்த வகைதானா?

பதில் 4: பூச்சிப்பெட்டி, ஒத்தக்கடை

ஆமாம் தம்பி, அதே வரிசைதான். பச்சைக் கண்ணாடி இறக்கைப் பூச்சியின் முட்டைகள். முதலில் பொரிக்கும் புழு பக்கத்து முட்டையைத் தின்றுவிடும், எறும்பும் வரும். அதனால்தான் காம்பில் ஏற்றி வைக்கிறது. புழு பெரும்பாலும் அசுவினியைத் தின்னும், குழிநரி போலவே தாடையால் குத்தி உறிஞ்சும். ஆய்வகங்களில் இதை அரிசி அந்துப்பூச்சி முட்டை போட்டு வளர்த்து வயலில் விடுகிறார்கள். உங்கள் காட்டுக்குத் தானாகவே வந்திருக்கிறது. இந்த வருடம் அந்த இலைகளை விட்டுவிடுங்கள், மருந்தையும் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள்.

பதில் 5: திண்ணைவீடு, கீழக்குயில்குடி

அக்கா, செத்ததைத் தீப்பெட்டியில் வைத்திருந்தோம். லென்ஸ் வைத்துப் பார்த்தாள். கொம்பு நுனி தீக்குச்சித் தலை மாதிரி தடித்திருக்கிறதாம். அப்புறம் பழைய பாட்டில் புழுதியைச் சலித்தோம். பாதி மிளகு அளவில் கெட்டியாக ஒரு குளிகை கிடைத்தது. அதையும் தீப்பெட்டியிலேயே போட்டுக்கொண்டாள். வேப்பங்குச்சி வைத்தாயிற்று. துணி என் அம்மாவின் பழைய சேலைக் கிழிசல். இன்றோடு இருபத்து மூன்று நாள். பாட்டில் அவள் படுக்கிற பாய்க்குப் பக்கத்தில்தான் இருக்கிறது.