பாரிஸ் பூங்காக்களில் மனசை விட்டுப் போகாத ஒரு சம்பவம்

முத்துக்குளி:
லுக்சம்பூர் தோட்டம் போனவங்களுக்கு இடத்தைச் சொல்லத் தேவையில்ல. மே மாசம், காலை நேரம், அரண்மனைக்கு முன்னாடி இருக்கற பூப்பாத்தி. டுலிப் பாதிக்கு மேல இன்னும் உதிரல. மஞ்சளும் கருஞ்சிவப்புமா நிமிர்ந்து நிக்குது. தோட்டக்காரங்க வரிசையா குனிஞ்சு அதைக் கிழங்கோட பிடுங்கித் தள்ளுவண்டில போட்டுட்டிருந்தாங்க. கோடைக்கான நாத்து பக்கத்துலயே பிளாஸ்டிக் தட்டுல ரெடியா இருந்துது.

அதுல ஒரு சின்னப் பொண்ணு. கையுறை போட்ட கையில ஒரு கொத்து டுலிப். தண்டு முறியல, இதழ்ல ஈரம்கூடக் காயல, கிழங்குல ஒட்டின மண்ணு பொலபொலன்னு அவ பூட்ஸ் மேல உதிருது. ஒண்ணு தர முடியுமான்னு சைகையில கேட்டேன். என்னை நேராப் பாத்து, முடியாதுன்னு மெதுவா தலையை ஆட்டிட்டு, மொத்தத்தையும் வண்டில போட்டா. கோபமா இருந்திருந்தாக்கூட மறந்திருப்பேன். அவ முகத்துல வருத்தம்தான் இருந்துது. அதான் இன்னும் கண்ணுக்குள்ள நிக்குது. பூத்திருக்கும்போதே ஏன் பிடுங்கணும்?

வல்வைக்கடல்:
தங்கச்சி, அது அங்க வழமை. வசந்தத்துக்கு ஒரு நடுகை, கோடைக்கு ஒரு நடுகை. பிந்தி நட்டா வெயில் வாறதுக்குள்ள வேர் பிடிக்காது. அதுக்காக மனம் நோகாதேங்கோ.

எனக்கும் அதே தோட்டம்தான். ஆனா ஒக்டோபர். பெட்டி மரங்களை ஒராஞ்சரிக்குள்ள, அதுதான் குளிர்காலத்தில மரங்களை வைக்கிற கட்டடத்துக்குள்ள, எடுக்கிற நேரம். பேரீச்சை, தோடை, மாதுளை எண்டு எல்லாம் பெரிய மரப்பெட்டிக்குள்ள நிக்கும். குளிர் வர முதல் உள்ள, மேயில திரும்ப வெளிய. ஒரு பெட்டியை மெசினில தூக்கிக்கொண்டு ஒருத்தன் வாறான். பாத்தா அலரி! எங்கட வேலியில ஆரும் திரும்பிப் பாக்காத அதே அலரி. கொப்பு முறியாமல் கயித்தால சுத்திக் கட்டி, ஒரு நோயாளியைக் கொண்டு போற கவனத்தில கொண்டு போறான்.

கிட்டப் போய் இலையைத் தொட்டன். “தொடாதீங்கோ, நஞ்சு” எண்டான். தெரியும், எங்கட வீட்டு வேலி முழுக்க இதுதான் எண்டன். மெசினை நிப்பாட்டிப்போட்டு, எவ்வளவு உயரம் வளரும் எண்டு கேட்டான். கூரைக்கு மேல எண்டு கையால காட்டினன். அவன் நம்பின மாதிரித் தெரியேல்லை. காட்டுறதுக்கு என்னட்ட ஒரு படமும் இல்லை. அந்த வீடும் இப்ப இல்லை.

கல்லணை:
வல்வை அண்ணா, வழமைங்கறது காரணம் ஆகாது. ஆனா முத்துக்குளி எழுதினதுல, பூங்கான்னா அது பாட்டுக்கு வளர்ந்து வாடணும்ங்கற மாதிரி ஒரு தொனி இருக்கு. அதையும் என்னால ஒத்துக்க முடியல. பாரிஸ்ல பெரிய தோட்டங்கள்ல பாதி, மனுஷன் கட்டி எழுப்பினது.

புட் ஷோமோன் பூங்கா போய்ப் பாருங்க. அது முன்னாடி ஜிப்சம் வெட்டின குவாரி, அப்புறம் குப்பைமேடு. மூன்றாம் நெப்போலியன் காலத்துல, அல்ஃபாந்ங்கற இன்ஜினியர் மேற்பார்வைல மண்ணைக் கொட்டி, குன்றையும் ஏரியையும் உண்டாக்கி, 1867 உலகக் கண்காட்சி நடந்த வருஷம் திறந்தாங்க. கிட்டத்தட்ட 25 ஹெக்டேர். குகைக்குள்ள விழற அருவிகூட பம்ப் வெச்சு ஏத்தின தண்ணி.

மழை விட்ட நேரம், பாதையோரக் கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டு இறங்கறேன். மரக்கிளைல செஞ்சது. பட்டையோட வரி, கணு, வெட்டின கிளை நுனில வட்டம், எல்லாம் இருக்கு. ஆனா கை ஜில்லுன்னு இருந்துது. நகத்தால தட்டினேன், சிமெண்ட். எதிர்ல வந்த ஒரு பெரியவர் நின்னார். ஒண்ணும் பேசல. என் கையைப் பிடிச்சு, கொஞ்சம் கீழ ஒரு வெடிப்புல வெச்சார். உள்ள துருப்பிடிச்ச இரும்புக் கம்பி. விரல்ல செம்பழுப்பா ஒட்டுச்சு. அவர் தலையசைச்சுட்டுப் போயிட்டார். யாரா இருக்கும்? அங்க பூச்சு வேலை பாத்தவரா? இப்பவும் அதை யோசிக்கறேன்.

ரயிலடி:
நோத்ரதாம் தேவாலயத்துக்கு எதிரே ஆத்தோட மறுகரைல, ரெனே விவியானி சதுக்கம்னு ஒரு சின்னப் பூங்கா. 1601ல ஜான் ரோபேன்ங்கற தாவரவியலாளர் நட்டதா சொல்ற ரொபினியா மரம் சாஞ்சு நிக்குது, கான்கிரீட் முட்டு குடுத்திருக்காங்க. சுத்தி உக்காந்திருந்த அத்தனை பேரும் மரத்துக்கு முதுகைக் காட்டிக்கிட்டு தேவாலயத்தைப் பாத்துட்டிருந்தாங்க. என் பொண்ணு மட்டும் அந்தக் கான்கிரீட்டைத் தட்டி, “இதை எடுத்தா விழுந்துடுமாப்பா?”ன்னு கேட்டா. பதில் தெரியல.

இதைப் படிச்சுட்டுப் போறவங்களுக்குக் கொஞ்சம் சொல்லிடறேன். ஒரே நாள்ல ஆறு தோட்டம்னு பட்டியல் போடாதீங்க. லுக்சம்பூர்ல அந்தப் பச்சை இரும்பு நாற்காலியை நிழலுக்கு இழுத்துப் போட்டு உக்காருங்க, காசு கிடையாது. ஒரு காலத்துல அதுக்கு வாடகை வசூல் பண்ண பெண்கள் இருந்தாங்க. புல்லுல எங்க வேணாலும் உக்கார முடியாது, பலகையைப் பாத்துட்டு உக்காருங்க. மூடற நேரம் பருவத்துக்குப் பருவம் மாறும், காவலர் விசில் ஊதினா கிளம்பிடுங்க. தண்ணி பாட்டில் வாங்காதீங்க. 1872லேந்து இருக்கற பச்சை வாலஸ் குழாய்ங்கற பொதுக் குடிதண்ணிக் குழாய்ல பிடிச்சுக்கலாம். கூட்டம் பிடிக்காதுன்னா பாஸ்டீல் பக்கத்துல ஆரம்பிக்கற கூலே வேர்த் போங்க. பழைய ரயில் பாதை, 1969ல ரயில் நின்னு போச்சு, அப்புறம் பாலத்து மேலயே தோட்டம் போட்டாங்க. நியூயார்க்ல இதே மாதிரி பழைய ரயில் பாலத்து மேல போட்ட ஹை லைன் பூங்காவுக்கு முன்னோடியே அதுதான். மூணாம் மாடி ஜன்னல் உயரத்துல ரோஜாவுக்கும் மூங்கிலுக்கும் நடுவுல நடக்கலாம். வழியில ரூய்யி தோட்டத்துல சோடாத் தண்ணி வர்ற குழாயே இருக்கு, 2010ல வெச்சது. செருப்பு மட்டும் நல்லதா போட்டுக்குங்க, சரளைக் கல்லும் புழுதியும் அதிகம்.

முத்துக்குளி:
கல்லணை, நான் இயற்கை பத்தி ஒரு வார்த்தை எழுதல. குப்பைக்குத்தான் போகப் போகுதுன்னா ஒண்ணு குடுத்தா என்னங்கறதுதான் என் கேள்வி. வல்வை அண்ணா, அலரி பத்தி எழுதினதை அம்மாகிட்ட படிச்சுக் காட்டினேன், ரொம்ப நேரம் பேசல. ரயிலடி சார், வர்ற வருஷம் அம்மாவையும் கூட்டிட்டுப் போறேன், முழங்கால் வலி. அந்தப் பாலத்துக்குப் படி ஏறணுமா?

ரயிலடி:
பாஸ்டீல் பக்கம் படி உண்டு, சில இடத்துல லிஃப்டும் உண்டு. ஆனா லிஃப்டை நம்பிப் போகாதீங்க. ரூய்யி தோட்டம் தாண்டி அலே விவால்டி பகுதி தரையோட தரையா இருக்கும். அம்மாவை அங்க கூட்டிட்டுப் போங்க.

வல்வைக்கடல்:
அம்மாவோட வாறெண்டா ஒக்டோபர் முதல் கிழமைக்குப் பிறகு வாங்கோ தங்கச்சி, பெட்டி மரங்கள் உள்ள போறதையும் பாக்கலாம். எனக்கு எழுதுங்கோ, நானும் வாறன்.