கடற்கரையில் நின்று தூண்டில் வீச எந்த ராடு, எந்த ரீல் வாங்கலாம்?

எல்லோருக்கும் வணக்கம். ஒரு வருடமாக ஞாயிறு விடியற்காலையில் திருவான்மியூர், நீலாங்கரை பக்கம் தூண்டில் போடுகிறேன். கையில் இருப்பது ஏரிக்காக வாங்கிய 7 அடி ராடும் (தூண்டில் கம்பு) 3000 சைஸ் ரீலும் (நரம்பைச் சுற்றும் கருவி; எண் கூடினால் பெரியது). அலை உடைகிற இடத்தைத் தாண்டி இரை விழுவதே இல்லை. விழுந்தாலும் 40 கிராம் ஈயத்தை நீரோட்டம் பக்கவாட்டில் இழுத்து வந்து ஐந்தே நிமிடத்தில் கரையில் போட்டுவிடுகிறது.

போன வாரம் ரீல் கைப்பிடி கரகரவென்று சுற்றியது. கழற்றிப் பார்த்தால் பேரிங் முழுக்கப் பழுப்புத் துரு, நரம்பு சுற்றியிருக்கும் ஸ்பூல் ஓரத்தில் வெள்ளையாக உப்பு. ஒவ்வொரு தடவையும் நல்ல தண்ணீரில் கழுவித்தான் வைத்தேன். மனசு கஷ்டமாகிவிட்டது.

சரி, இனி கடலுக்கென்றே வாங்கிவிடலாம் என்று முடிவு. பட்ஜெட் 8,000 ரூபாய். 12 அடி ராடு, 6000 சைஸ் ரீல், 100 கிராம் ஈயம் வரை தாங்க வேண்டும் என்று நினைக்கிறேன். ராடு முழு கார்பனாக இருக்க வேண்டுமா, ஃபைபர் கலந்ததே போதுமா? நரம்புக்குப் பதில் பிரெய்டு (இழைகளைப் பின்னிய நூல்) போட்டால் மெல்லியது, தூரம் போகும். ஆனால் வீசும்போது அறுந்து ஈயம் பறந்தால் ஆபத்து. பக்கத்திலேயே வலை பிரிக்கிறவர்களும் குழந்தைகளும் இருக்கிறார்கள். அதனால் பிரெய்டின் முனையில் தடித்த நரம்பு கட்டத்தான் வேண்டும். எத்தனை அடி கட்டுகிறீர்கள்? ராடு வளையத்தில் சிக்காமல் போக என்ன முடிச்சு போடுகிறீர்கள்?

அப்புறம், எனக்கு ஆசை கிழங்கான் மீன் மீது. அதற்கு அவ்வளவு தூரம் வீச வேண்டாம், கரையை ஒட்டிய பள்ளத்திலேயே மேயும் என்று ஒரு மீனவ அண்ணன் சொன்னார். அப்படியானால் 12 அடி தேவையா, 10 அடியே போதுமா? இந்தக் கரையில் வீசிப் பழகியவர்கள் சொல்லுங்கள்.