மோரிஸ் மைனர்: இஞ்சின் ரூமுக்குப் பெயிண்ட் அடிச்ச பிறகு ஸ்டார்ட்டர் நொண்டுது, சோக் கேபிள் சுடுது. உதவி தேவை

மைனர்67 (சுங்கை சிப்புட்)

வணக்கம் அண்ணமாரே. காடி 1967 மோரிஸ் மைனர் 1000. 1098 சிசி இஞ்சின், டைனமோ, பாசிட்டிவ் எர்த், எதையும் மாத்தலை. இஞ்சின், கியர்பாக்ஸ் ரெண்டையும் இறக்கி, இஞ்சின் ரூம் முழுசும் தகடு தெரியச் சுரண்டி, எபாக்சி பிரைமர் போட்டு மேலே டூ-கே (ஹார்டனர் கலக்கிற) பெயிண்ட் அடிச்சாச்சு. பிராக்கெட் எல்லாம் பவுடர் கோட்டிங். ரேடியேட்டருக்கும் கறுப்பு அடிச்சாச்சு. பார்க்க அழகா இருக்கு, ஆனா காடி சரியா வேலை செய்யலை.

சாவியைத் திருப்பினா ஸ்டார்ட்டர் ரெண்டு சுத்து நொண்டி நொண்டிச் சுத்தி நின்னுடுது. பேட்டரி புதுசு, சும்மா இருக்கும்போது 12.6 வோல்ட். சோக்கை இழுத்துப் பிடிச்சுக்கிட்டு ஸ்டார்ட் பண்ணினா குமிழ் கையில சுடுது, கார்புரேட்டர் பக்கம் கேபிள் உறையிலிருந்து லேசா புகை. தள்ளி விட்டா இஞ்சின் பிடிக்குது, ஆனா டேஷ்போர்டு சிவப்பு விளக்கு அணையவே மாட்டேங்குது. இன்னொண்ணு, பேட்டரி தட்டு ஓரத்துல பெயிண்ட் கொப்புளம் கொப்புளமா எழும்புது. பிரேக் ஆயிலா இருக்குமோ?

இங்கே போமன் (மெக்கானிக்) ஸ்டார்ட்டர் போச்சு, மாத்துன்னு சொல்றாரு. வெள்ளியைக் கொட்டுறதுக்கு முன்னாடி உங்ககிட்ட ஒரு வார்த்தை.

---

லூக்காஸ்வயர்

தம்பி, இனிமே சாவியைத் திருப்பாதீங்க. பேட்டரி வயரைக் கழட்டி வெச்சுட்டு இதைப் படிங்க. அந்தக் கேபிள் உறை பழுக்கக் காஞ்சு நிக்கிற இடத்துக்குப் பக்கத்துலதான் கார்புரேட்டரோட பெட்ரோல் கிண்ணம் இருக்கு.

ஸ்டார்ட்டர் நல்லாத்தான் இருக்கும். போனது எர்த், அதாவது கரண்ட் பேட்டரிக்குத் திரும்பிப் போற வழி. உங்க காடியில பேட்டரியோட பாசிட்டிவ் பாடியில இறங்குது. இஞ்சின் உட்கார்ந்திருக்கிறது ரப்பர் மவுண்ட்ல, கியர்பாக்ஸும் அப்படித்தான். இஞ்சினுக்கும் பாடிக்கும் நடுவுல பாலமா இருக்கிறது கியர்பாக்ஸ் பக்கம் வர்ற அந்தப் பின்னல் பட்டை ஒண்ணுதான். நீங்க அதை மாட்ட மறந்திருக்கலாம், இல்லாட்டி புதுப் பெயிண்ட் மேலேயே வெச்சு முறுக்கியிருக்கலாம். ஸ்டார்ட்டர் நூறு ஆம்பியருக்கு மேலே இழுக்கும். அவ்வளவு கரண்டும் திரும்பி வர வழி தேடும்போது, இஞ்சினையும் டேஷ்போர்டையும் தொடுற உலோகம் எது? சோக் கேபிள். ஸ்பீடோமீட்டர் கேபிளும் கொஞ்சம் பங்கு எடுத்திருக்கும், அதையும் தடவிப் பாருங்க.

யூகத்துல ஸ்பானரை எடுக்க வேண்டாம், மல்டிமீட்டரை வெச்சுப் பார்த்துடலாம். சோக்கை உள்ளே தள்ளி, கேபிளைக் கார்புரேட்டர் முனையில கழட்டி, உலோகத்துல படாம ஒதுக்கிக் கட்டுங்க. இக்னிஷன் காயிலோட எஸ்டபிள்யூ வயரை (சாவி சுவிட்ச்சிலிருந்து வர்றது) கழட்டுங்க, இஞ்சின் பிடிக்காது. மீட்டரை டிசி 20 வோல்ட்ல வைங்க. ஒரு முனை பேட்டரி பாசிட்டிவ் தலையில, கிளாம்ப் மேல இல்ல, ஈயத் தலையிலேயே குத்தணும். இன்னொரு முனை இஞ்சின் பிளாக்ல பெயிண்ட் இல்லாத ஒரு போல்ட்ல. ஒரு ஆளை மூணு வினாடி ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்க. 0.2, 0.3 வோல்ட் வந்தா சரி. அரை வோல்ட்டுக்கு மேல போனா எர்த் பாதையில தடை இருக்கு. அடுத்து அதே மாதிரி பாசிட்டிவ் தலைக்கும் பாடிக்கும் நடுவுல. கடைசியா நெகட்டிவ் தலைக்கும் ஸ்டார்ட்டர்ல வயர் மாட்டுற போல்ட்டுக்கும் நடுவுல, இதுலயும் அரை வோல்ட்டுக்குள்ள இருக்கணும். எந்த இடத்துல வோல்ட் ஏறுதோ அந்த இடத்துலதான் கோளாறு.

மீட்டர் இல்லைன்னா ஜம்பர் கேபிள் போதும். ஒரு முனை பாசிட்டிவ் தலையில, மறு முனை நேரா இஞ்சின் பிளாக்ல. ஸ்டார்ட்டர் விர்ருனு சுத்தினா அப்புறம் பேச்சே இல்லை.

---

எட்டணா_போல்ட்

மேலே சொன்னது சரி. ஒண்ணு மட்டும் சேர்த்துக்கிறேன். ஸ்டார்ட்டருக்குத் தனி எர்த் வயர் கிடையாது, அதோட முகம் இஞ்சின் பின்தகட்டுல உட்கார்ற இடம்தான் எர்த். இஞ்சினுக்குப் பெயிண்ட் அடிக்கும்போது அந்த முகத்துலயும் சேர்த்து அடிச்சிருந்தா, பட்டை புதுசு போட்டாலும் நொண்டும். டைனமோவும் அப்படித்தான், உடம்புதான் எர்த். பவுடர் கோட்டிங் பண்ணின பிராக்கெட்ல போல்ட் தலை உட்கார்ற இடத்தையும் காதுகளையும் சுரண்டி விடுங்க. பவுடர் கோட்டிங் பிளாஸ்டிக் மாதிரி, கரண்டை விடாது.

---

மைனர்67

பார்த்தாச்சு. ஸ்டார்ட் பண்ணும்போது: பாசிட்டிவ் தலைக்கும் இஞ்சினுக்கும் 3.4 வோல்ட். பாசிட்டிவ் தலைக்கும் பாடிக்கும் 0.1. நெகட்டிவ் பக்கம் 0.3. பட்டை கியர்பாக்ஸ்ல இருக்கு, ஆனா பாடி பக்கம் பெயிண்ட் மேலதான் உட்கார்ந்திருக்கு. பட்டையே பச்சை பூத்து இருக்கு.

---

லூக்காஸ்வயர்

3.4 வோல்ட் எர்த்துலேயே போனா ஸ்டார்ட்டருக்கு என்ன மிச்சம்? இப்போ செய்ய வேண்டியது:

பச்சை பூத்த பட்டையைத் தூக்கிப் போடுங்க. 25 சதுர மில்லிக்குக் குறையாத பின்னல் பட்டை, ரெண்டு முனையிலயும் அழுத்திப் பிடிச்ச லக் (போல்ட்ல மாட்டுற வளையம்). பத்து டன் லாரிக்கு வயர் போடுற எந்தக் கடையிலயும் அடிச்சுத் தருவாங்க, சுத்தியல்ல தட்டி ஒட்டினது வேண்டாம். பாடியில போல்ட் ஓட்டையைச் சுத்தி லக்கோட அகலத்துக்கு மட்டும் பெயிண்டை வெள்ளித் தகடு தெரியச் சுரண்டுங்க. பல் வாஷரை லக்குக்கும் தகட்டுக்கும் நடுவுல வைங்க. நிறைய பேர் நட்டுக்கு அடியில வைக்கிறாங்க, அது நட்டு கழறாம இருக்க மட்டும்தான் உதவும். இறுக்கின பிறகுதான் வாசலின், முன்னாடி இல்லை. ஓரத்துல தெரியற தகட்டுக்குத் தூரிகையால கொஞ்சம் பெயிண்ட் தொட்டு விடுங்க. நம்ம ஊர் ஈரத்துக்கு வெறுந்தகட்டை அப்படியே விட்டா சீக்கிரமே துரு திரும்பி வந்துடும்.

இதே மாதிரி சுரண்ட வேண்டிய இடங்கள் இன்னும் இருக்கு: பேட்டரி பாசிட்டிவ் வயர் பாடியில இறங்குற போல்ட், எஸ்யூ பெட்ரோல் பம்போட எர்த் திருகு, முன் விளக்குகளோட கறுப்பு வயர்கள் சேர்ற இடம், டைனமோ சார்ஜைக் கட்டுப்படுத்துற கன்ட்ரோல் பாக்ஸ்ல இ (எர்த்) முனையிலிருந்து வர்ற கறுப்பு வயர். பம்ப் டிக்கு டிக்குன்னு சோம்பலா அடிச்சா அந்தத் திருகுதான் முதல் சந்தேகம்.

சோக் கேபிளை மாத்தியே ஆகணும். சூடேறின உறை உள்ளே கம்பியைப் பிடிச்சுக்கும், பாதி ரோட்டுல சோக் இழுத்தபடியே நிக்கும்.

---

மைனர்67

அண்ணே, விர்ருனு சுத்துது! முதல் தட்டுலயே பிடிச்சிருச்சு. சோக் கேபிள் ஜில்லுனு இருக்கு.

ஆனா சிவப்பு விளக்கு இன்னும் வேடிக்கை காட்டுது. ஐடில்ல எரியுது. கொஞ்சம் ரெவ் கொடுத்தா அணையுது. இன்னும் கொடுத்தா மறுபடி எரியுது, முன்னைவிட பளிச்சுனு. பேட்டரியில மீட்டர் வெச்சா 12.4லயே நிக்குது. டைனமோ போயிடுச்சா?

---

லூக்காஸ்வயர்

ரெவ்வை இறக்குங்க முதல்ல. டைனமோ போகலை, நல்லா வேலை செய்யுது, அதான் பிரச்சனையே.

அந்த விளக்கோட ஒரு கால் பேட்டரி பக்கம், மறு கால் டைனமோவோட டி முனை (கரண்ட் வெளியே வர்ற முனை) பக்கம். ரெண்டு பக்கமும் ஒரே வோல்ட்னா விளக்கு அணையும். ஐடில்ல டைனமோ கம்மி, எரியுது. நடுவுல ரெண்டும் சமம், அணையுது. மேலே போகப் போக டைனமோ பேட்டரியைத் தாண்டி ஏறுது, விளக்கு எதிர்ப் பக்கத்துக் கரண்டுல மறுபடி எரியுது. அப்படின்னா கன்ட்ரோல் பாக்ஸ் உள்ளே டைனமோவைப் பேட்டரியோட இணைக்கிற கட்-அவுட் மூடவே இல்லை, ரெகுலேட்டரும் டைனமோவைக் கட்டுப்படுத்தலை. ரெண்டும் ஒரே நேரத்துல கெட்டுப் போகுமா? ரெண்டு காயிலுக்கும் பொதுவா இருக்கிறது இ முனை. அந்தக் கறுப்பு வயர் இறங்குற திருகை இன்னும் சுரண்டலைதானே?

சோதனை சுலபம். இஞ்சினை நிறுத்திட்டு இ முனையிலிருந்து ஒரு வயரை பேட்டரி பாசிட்டிவ் தலைக்குப் போடுங்க. ஸ்டார்ட் பண்ணி ரெவ் கொடுங்க. விளக்கு அணைஞ்சு அணைஞ்சபடியே இருந்தா முடிஞ்சது வேலை. அதுவரைக்கும் ரெவ் ஏத்தாதீங்க, கட்டுப்பாடு இல்லாத டைனமோ 20 வோல்ட்டைத் தாண்டும், பல்பும் ஃபீல்டு காயிலும் போகும்.

கன்ட்ரோல் பாக்ஸ் மூடியைத் திறந்து உள்ளே இருக்கிற திருகுகளைத் திருப்பச் சொல்லி யாராவது சொன்னா கேட்காதீங்க. எர்த் சரியில்லாம அதைத் திருப்பினா, எர்த் சரியான பிறகு பேட்டரி கொதிக்கும்.

---

தின்னர்வாசம்

பெயிண்ட் கொப்புளம் பத்தி யாரும் சொல்லலையே. பிரேக் ஆயில் இல்லை தம்பி. மைனர்ல பிரேக் மாஸ்டர் சிலிண்டர் தரைக்கு அடியில இருக்கு, இஞ்சின் ரூம்ல இல்லை. கொப்புளம் பேட்டரி தட்டு ஓரத்துலன்னா பழைய ஆசிட். தகடும் தகடும் ஒட்டுற மடிப்புல ஊறிப் போயிருக்கும். மேலே எவ்வளவு நல்ல பெயிண்ட் அடிச்சாலும் உள்ளேயிருந்து தள்ளும்.

அந்தப் பகுதியை மட்டும் மறுபடி திறங்க. பேட்டரியைத் தூக்கி வெளியே வெச்சுட்டு, கொப்புளத்துக்கு ரெண்டு விரல் அகலம் தள்ளி வரைக்கும் தகட்டுக்குச் சுரண்டுங்க. ஒரு லிட்டர் வெந்நீர்ல ரெண்டு மேசைக்கரண்டி ஆப்ப சோடா கலந்து, பழைய பல் தூரிகையால மடிப்புக்குள்ள போகத் தேயுங்க. நுரை வரும். நுரை அடங்கின பிறகு மறுபடி ஊத்துங்க, நுரையே வராத வரைக்கும். அப்புறம் நிறைய நல்ல தண்ணி, ஹாட் கன் வெச்சு மடிப்பை உலர்த்தணும். காத்துல காய்ஞ்சா போதும்னு நினைக்காதீங்க, மடிப்புக்குள்ள தண்ணி தங்கும்.

இப்போ கூரான ஸ்க்ரூடிரைவரால குத்திப் பாருங்க. உள்ளே இறங்கினா பட்டி வெச்சு மூடுற வேலை இல்லை, வெட்டி எடுத்து 1 மில்லி தகடு வெல்டிங். பேட்டரி எடை அந்தத் தட்டு மேலதான் நிக்குது.

துரு மாத்துற பாஸ்பாரிக் திரவம் போட்டா, அதை நல்லாக் கழுவி உலர்த்தின பிறகுதான் எபாக்சி பிரைமர். ஆசிட் மிச்சம் இருந்தா எபாக்சி ஒழுங்கா இறுகாது, நகத்தால கீறினா உரிஞ்சு வரும். பிரைமர் ரெண்டு கோட், மடிப்புல பியு சீலர், மேலே பெயிண்ட். மழை இறங்கப் போற மத்தியானத்துல அடிக்காதீங்க. ஈரப்பதம் 85 சதவீதத்துக்கு மேல போனா பளபளப்பு மங்கிப் பால் பூத்த மாதிரி ஆகும். காலையில வெயில் ஏறித் தகடு தொட்டா வெதுவெதுன்னு இருக்கிற நேரம் நல்லது. டூ-கே ஸ்பிரே பண்றதுன்னா வெளிக்காத்து வர்ற முகமூடி வேணும், துணி மாஸ்க் அதுக்கு உதவாது. இவ்வளவு சின்ன இடத்துக்குத் தூரிகையே போதும், முகமூடிச் செலவும் மிச்சம்.

முடிச்ச பிறகு பேட்டரிக்கு அடியில ஒரு பிளாஸ்டிக் தட்டு வைங்க.

---

எட்டணா_போல்ட்

ரேடியேட்டருக்குக் கறுப்பு அடிச்சேன்னு சொன்னீங்களே, எப்படி அடிச்சீங்க? கெட்டியா ரெண்டு மூணு கோட் போட்டு மெல்லிய தகடுகளுக்கு நடுவுல பெயிண்ட் அடைச்சிருந்தா வெப்பம் வெளியே போகாது. பின்பக்கம் விளக்கு வெச்சு முன்பக்கம் பாருங்க, வெளிச்சம் சீரா தெரியணும். செம்மண் ரோட்டுல ஓடுற காடின்னா தூசியும் சேர்ந்து அடைக்கும். கூலன்ட் மொத்தம் கிட்டத்தட்ட 5 லிட்டர். மூணுல ஒரு பங்கு கூலன்ட், மிச்சம் பேட்டரிக்கு ஊத்துற காய்ச்சி வடிச்ச தண்ணி (ஆசிட் இல்லை). நம்ம ஊர்ல பனி இல்லைதான், ஆனா பிளாக் உள்ளே துரு பிடிக்காம இருக்க அது வேணும்.

இஞ்சின் நம்பர் தகடு டைனமோவுக்கு மேலே பிளாக்ல ரிவெட் அடிச்சு இருக்கும். அது மேல பெயிண்ட் போயிருந்தா தின்னர் துணியால மெதுவாத் துடைச்சு எடுங்க, சுரண்ட வேண்டாம். ஜேபிஜே (சாலைப் போக்குவரத்து இலாகா) கிரான்ட்ல, அதாவது காடிப் பதிவுப் பத்திரத்துல, இருக்கிற நம்பரோட ஒத்துப் பார்க்கணும்னா எழுத்து தெளிவா இருக்கணும்.

---

மைனர்67

இ முனைதான்! வயர் போட்டதும் விளக்கு அணைஞ்சது, ரெவ் ஏத்தினாலும் எரியலை. திருகைச் சுரண்டி மாட்டியாச்சு, வேகமான ஐடில்ல பேட்டரியில 13.9. ரேடியேட்டர் பின்னால விளக்கு வெச்சா மேல் பாதி இருட்டு, இன்னிக்கே தின்னர் வேலை.

இத்தோட நெகட்டிவ் எர்த்துக்கு மாத்திடலாமா? போன் சார்ஜர் போடணும்.

---

லூக்காஸ்வயர்

மாத்தலாம், ஆனா பேட்டரித் தட்டு வேலை முடிஞ்சு ஒரு மாசம் ஓட்டிட்டு. ரெண்டு மாற்றத்தை ஒண்ணாச் செஞ்சா அடுத்த கோளாறு எதனால வந்ததுன்னு கண்டுபிடிக்க முடியாது.

அன்னிக்குச் செய்ய வேண்டியது: பேட்டரியைத் திருப்பி வைக்கணும், வயர் நீளம் போதுமான்னு முதல்லயே பாருங்க. காயில் முனை ரெண்டையும் இடம் மாத்தணும். டைனமோவுல டி, எஃப் (ஃபீல்டு) வயர் ரெண்டையும் கழட்டி, பேட்டரியோட பாசிட்டிவ் தலையிலிருந்து ஒரு வயரை எஃப் முனையில ஒரு வினாடி தொட்டு எடுங்க, சின்னப் பொறி வரும், போதும். ஸ்டார்ட்டருக்கு ஒண்ணும் செய்ய வேண்டாம், எந்தப் பக்கம் கொடுத்தாலும் ஒரே திசையிலதான் சுத்தும். எஸ்யூ பம்ப் பாயின்ட் உள்ள பழைய வகைன்னா அப்படியே ஓடும். உள்ளே டையோடு வெச்சதுன்னா மாத்தணும், அதை முதல்ல மூடியைக் கழட்டிப் பார்த்துட்டு எழுதுங்க.